42, 84, 150: பிள்ளை பெற்ற பின் இடம் மாறும் மலையகத் தாய்மாரும் தவறிப்போகும் கணக்குகளும்

பிரசவத்துக்குப் பின்னரான காலத்தைப் பற்றிய பேச்சில் நான்கு எண்கள் மாறி மாறி அடிபடுகின்றன. தாய் மரணத்தைக் கணக்கிடும் சுகாதாரத் துறைக்கு அது 42 நாட்கள். இலங்கைத் தொழிற்சட்டத்தில் 84 நாள் விடுமுறை இருக்கிறது. அந்த விடுமுறைக்குரிய பணத்தைப் பெற 150 நாட்கள் வேலை செய்திருக்க வேண்டும் என்று அதே சட்டம் இன்னோரிடத்தில் சொல்கிறது. வெளிநாட்டு வேலைக்குப் போக விரும்பும் தாயிடமோ, பிள்ளைக்கு 2 வயது ஆகிவிட்டதா என்று கேட்கிறார்கள். இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் இந்த எண்கள் ஒன்றோடொன்று கலந்து, "நாப்பது நாள் முடிஞ்சா ஒடம்பு பழைய ஒடம்பு", "பேர் பதியாதவள பாக்க மிட்வைஃப் வரமாட்டாங்க", "மூணாவது புள்ளைக்கு பாதி லீவுதான்" என்ற முடிவுகளாகப் பரவியிருக்கின்றன. மூன்றுமே பிழை.

ஒவ்வோர் எண்ணும் வேறு காலத்தில், வேறு நோக்கத்துக்காகப் பிறந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எடுகோள் இருக்கிறது: தாய் ஒரே இடத்தில், ஒரே முகவரியில், ஒரே பதிவேட்டில் இருப்பார் என்பதே அது. மலையகப் பெண்ணின் பிள்ளைப்பேற்றுக் காலம் பெரும்பாலும் அப்படி அமைவதில்லை என்பதுதான் சிக்கலின் வேர்.

இங்கே குடிபெயர்ந்தவர் யார்?

மலையகத் தமிழரை இன்றும் "வந்தவர்கள்" என்று அழைக்கும் பழக்கம் முற்றாக ஒழியவில்லை. 1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். அந்த வருகையின் 200 ஆண்டு நிறைவு 2023இல் நினைவுகூரப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களின் வழித்தோன்றல்களில் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்குமிடையே பங்கிட்டது. எஞ்சியோருக்கான குடியுரிமை 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை இழுபட்டது. இன்று பிள்ளை பெறும் தோட்டப் பெண் குடியேறியவர் அல்லர். குடியேறியவர் அவருடைய பூட்டியோ பூட்டியின் தாயோதான். ஆகவே அந்தச் சொல்லை இனத்தின் பெயராக அல்லாமல், பிள்ளைப்பேற்றைச் சுற்றிய மாதங்களில் ஒரு பெண் உண்மையில் இடம் மாறுகிறாரா என்ற பொருளில் மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பொருளில் மலையகத்தில் நான்கு வகையினர் இருக்கிறார்கள்.

1. கலியாணமாகி வேறு தோட்டத்துக்கு வந்தவர். தேசிய அடையாள அட்டையில் பிறந்த தோட்டத்தின் பெயர் இருக்கும். வாழ்வது கணவனின் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்.

2. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர். பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்னர் போய், தீட்டுக் கழித்த பின்னரோ அதற்கும் பிந்தியோ திரும்புவார்.

3. கொழும்பில் வீட்டு வேலையிலோ, கடையிலோ, கட்டுநாயக்கப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலையிலோ இருந்து பிள்ளை பெறுவதற்காக ஊர் வந்து, மீண்டும் போகிறவர்.

4. பிள்ளையைத் தாயிடமோ மாமியிடமோ விட்டு மத்திய கிழக்குக்குப் போகிறவர்.

முதல் இரண்டு வகையினரை யாரும் குடிபெயர்ந்தவராக எண்ணுவதில்லை. ஆனால் பராமரிப்பு அறுந்துபோவது அவர்களிடத்திலும் அதே முறையில்தான் நடக்கிறது. கணக்குக்கே வராததால் அவர்களுடைய நிலை இன்னும் மோசம் என்றும் சொல்லலாம்.

42 நாட்கள்: உடம்பு செய்யும் வேலை

கர்ப்ப காலத்திலோ, கர்ப்பம் முடிந்து 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பத்தோடு தொடர்புடைய காரணத்தால் நேரும் இறப்பையே உலக சுகாதார நிறுவனம் தாய் மரணம் என்கிறது. 42 நாட்களுக்குப் பின்னர் ஒரு வருடத்துக்குள் நேருவது பிந்திய தாய் மரணம் என்று தனியே எண்ணப்படுகிறது. எனவே 42 என்பது கணக்கெடுப்புக்காகப் போட்ட கோடுதான். அந்த நாளில் உடம்பு பழைய நிலைக்கு வந்துவிடும் என்று எந்த மருத்துவ நூலும் சொல்லவில்லை.

இந்த ஆறு வாரங்களில் நடப்பது சிறிய வேலையல்ல. பிரசவம் முடிந்தவுடன் ஏறத்தாழ ஒரு கிலோ நிறையிருக்கும் கருப்பை, 100 கிராமுக்கும் குறைவாகச் சுருங்குகிறது. நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடம் உள்ளே ஒரு திறந்த காயமாக இருந்து ஆறுகிறது. நாலைந்து வாரங்கள் தொடரும் கசிவு அந்தக் காயத்தின் கசிவே. கர்ப்ப காலத்தில் இரத்தம் எளிதில் உறையும் தன்மை பெற்றிருந்ததால் கால் நாளங்களில் கட்டி உருவாகும் ஆபத்தும் இக்காலம் முழுவதும் கூடுதலாக இருக்கும். "பச்சை உடம்பு" என்று ஊர் சொல்வது மிகச் சரியான சொல்.

வீடு திரும்பிய தாய்க்கு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய அறிகுறிகள் இவை:

1. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு துணி முழுவதும் நனையும் அளவு இரத்தப்போக்கு, அல்லது குறைந்துகொண்டு வந்த போக்கு திடீரென்று கூடுவது. இரத்தப்பெருக்கு பிரசவித்த அன்று மட்டும் வருவதில்லை. வாரங்கள் கழித்தும் வரலாம்.

2. காய்ச்சல், அடிவயிற்று வலி, கெட்ட வாடையுள்ள கசிவு. இது கருப்பையில் கிருமித் தொற்று இருப்பதைக் காட்டலாம். மலையின் குளிரில் நடுக்கத்தைக் "குளிர்தானே" என்று விட்டுவிடுவது எளிது.

3. கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு. கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் சரியாக இருந்தவருக்கும் பிரசவத்துக்குப் பின்னர் இது தோன்றலாம்.

4. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி.

5. தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேனோ என்ற எண்ணம்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் (தோட்டத்தின் உட்பிரிவு), பிரதான வீதியில் எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், லயத்துக்கு வாகனம் வருமா என்பவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். வேறு தோட்டத்திலிருந்து வந்து சில மாதங்களே ஆன மருமகளுக்கு இவை தெரியாமல் இருக்கலாம்.

இரத்தச்சோகை: தேயிலை, உயரம்

மலையகத் தாய்மாரின் பின்பிரசவ நலத்தில் மற்ற எல்லாவற்றையும் கடினமாக்கும் காரணி இரத்தச்சோகை. கர்ப்பமே இரும்புச்சத்தை உறிஞ்சிவிடுகிறது; பிரசவத்தில் அரை லீற்றருக்கு மேல் இரத்தம் போனால் அதைப் பெருக்கு என்றே மருத்துவம் கணக்கிடும்; ஏற்கெனவே குறைவாக இருந்தவருக்கு அதைவிடச் சிறிய இழப்பும் தாங்காது. களைப்பு, தலைச்சுற்று, பால் கொடுக்கும்போது கண் இருட்டுவது, காயம் ஆறப் பிந்துவது, மனம் சோர்வது எல்லாம் இதோடு பின்னிக்கிடக்கின்றன.

இரண்டு விடயங்கள் இங்கே தனியாகக் கவனிக்கத்தக்கவை. ஒன்று, தேநீர். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருட்கள் மரக்கறி, தானியம், கீரை ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தைப் பிடித்துவைத்து, குடல் அதை உறிஞ்ச விடாமல் தடுக்கின்றன. ரொட்டியோடு பிளேன்டீ குடிப்பது தோட்டத்தின் அன்றாட உணவு. இரும்பு மாத்திரையையும் அதே தேநீரில் விழுங்கினால் மாத்திரையில் பெரும்பகுதி வீண். உணவுக்கும் தேநீருக்குமிடையே ஒரு மணி நேரம் விட்டு, மாத்திரையைத் தண்ணீரோடும் முடிந்தால் தோடம்பழமோ எலுமிச்சையோ சேர்த்தும் எடுத்தால் போதும். தேயிலையைப் பறிப்பவருக்கே அது இவ்வாறு கணக்குத் தீர்ப்பதை விதியின் கேலி என்றுதான் சொல்ல வேண்டும்.

மற்றது, உயரம். உயரமான இடங்களில் காற்றில் ஒட்சிசன் குறைவு என்பதால், அங்கு வாழ்பவரின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் இயல்பாகவே சற்றுக் கூடுதலாக இருக்கும். இதனால் உயரத்துக்கேற்ப ஓர் அளவைக் கழித்துவிட்டே சோகை உண்டா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் எடுத்த 12 என்ற அளவும் கொழும்பில் எடுத்த 12 என்ற அளவும் ஒன்றல்ல. மேலே "சரி" என்று தெரிவது உண்மையில் குறைவாக இருக்கலாம்.

தாயின் போசாக்குக் குறைவு பிள்ளையோடு நின்றுவிடுவதுமில்லை. 2016 ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதிலும் சுமார் 17 சதவீதம். தோட்டத் துறையில் ஏறத்தாழ 32 சதவீதம். வளர்ச்சி குன்றிய பெண் பிள்ளை பின்னாளில் தாயாகும்போது நிறை குறைந்த குழந்தையைப் பெறும் வாய்ப்புக் கூடுகிறது. இந்தச் சங்கிலியை அறுக்கக்கூடிய இடங்களில் ஒன்று பின்பிரசவ மாதங்கள்.

மருத்துவமாது யாருடைய வீட்டுக்கு வருவார்?

இலங்கையின் தாய்சேய் நல அமைப்பின் முதுகெலும்பு குடும்பநல உத்தியோகத்தர். தோட்டத்தில் அவரை மருத்துவமாது என்றும் மிட்வைஃப் என்றும் சொல்வார்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ், வரையறுத்த ஒரு பகுதிக்கு அவர் பொறுப்பு. பிரசவித்த தாயை முதல் பத்து நாட்களுக்குள் இரண்டு தடவையும், 14 முதல் 21 நாட்களுக்கிடையே ஒரு தடவையும், 42 ஆம் நாளையொட்டி ஒரு தடவையும் வீட்டுக்கே சென்று பார்க்க வேண்டும் என்பது தேசிய ஏற்பாடு. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டலில், பிறந்து 24 மணி நேரம் வைத்தியசாலையில் கவனித்த பின்னர் ஆறு வாரத்துக்குள் மேலும் மூன்று சந்திப்புகளாவது வேண்டும் என்கிறார்கள். ஆக, காகிதத்தில் நம் ஏற்பாடு உலகத் தரத்துக்குக் குறைந்ததல்ல.

குழப்பம் எங்கே வருகிறது? முதலாவதாக, சில தோட்டங்களில் கம்பனி நியமித்த மிட்வைஃப் ஒருவரும் இருப்பார். அரசாங்க மருத்துவமாது வேறு. தோட்டத்தில் பேர் பதிந்திருப்பது, அதாவது அங்கு தொழிலாளியாகப் பதிவாகியிருப்பது, கம்பனியோடு தொடர்புடைய விடயம். அரசாங்க மருத்துவமாதின் சேவைக்கு அந்தப் பதிவு தேவையே இல்லை. அவருடைய பகுதிக்குள் தாய் வசிக்கிறார் என்பது போதும். கணவன் கொழும்பில், மனைவி "பேர் இல்லாதவர்" என்றாலும் அவரும் பிள்ளையும் பராமரிப்புக்குரியவர்களே.

இரண்டாவதாக, முகவரி. லயத்துக் காம்பராக்கள் (அறைகள்) பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்துக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது போய்ச் சேரும். வைத்தியசாலையில் சேரும்போது பெண் அடையாள அட்டையிலுள்ள முகவரியைக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மஸ்கெலியாவில் பிறந்து, பண்டாரவளைப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, டிக்கோயாவில் பிள்ளை பெற்றவர், வீடு திரும்பியதும் எந்த மருத்துவமாதின் பொறுப்பு? அவர் உடலால் இருக்கும் பகுதியின் மருத்துவமாதுதான் பார்க்க வேண்டும். ஆனால் கர்ப்ப காலப் பதிவு பண்டாரவளையில் இருக்கிறது. அங்குள்ளவர் "தாய்வீடு போய்விட்டார்" என்று எழுதிக்கொள்கிறார். இங்குள்ளவருக்கு அப்படி ஒருவர் வந்திருப்பதே தெரியாது. யாரும் கடமை தவறவில்லை, ஆனாலும் நான்கு வருகையும் நடக்கவில்லை.

மூன்றாவதாக, மொழி. தோட்டப் பகுதிகளில் தமிழ் பேசும் மருத்துவமாதருக்குள்ள பற்றாக்குறை நெடுநாளைய பிரச்சினை. வைத்தியசாலை கொடுத்தனுப்பும் துண்டு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அதில் "இரத்த அழுத்தத்தை மூன்று நாளில் பார்க்கவும்" என்று எழுதியிருந்தாலும் அதை வாசித்துச் சொல்ல லயத்தில் ஆள் இருக்க வேண்டும்.

இடம் மாறும் தாய் செய்யக்கூடியவை குறைவு. ஆனால் அவை பயன் தருபவை.

1. வைத்தியசாலையை விட்டு வெளியேறும்போது, அடுத்த ஆறு வாரம் எங்கே இருக்கப்போகிறாரோ அந்தத் தோட்டம், டிவிஷன், லய இலக்கம், ஒரு தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைச் சொல்லி எழுதுவிப்பது.

2. தாய்வீடு போகுமுன் பழைய மருத்துவமாதிடமும், போய்ச் சேர்ந்ததும் புதியவரிடமும் அறிவிப்பது. இதை வீட்டிலுள்ள வேறொருவரும் செய்யலாம்.

3. கர்ப்பிணிப் பதிவேடு, பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, வைத்தியசாலைத் துண்டு ஆகிய மூன்றையும் ஒரே பையில் வைத்து எங்கு போனாலும் கொண்டுபோவது. புதிய இடத்தில் இவரை அறிந்த சாட்சி அவை மட்டுமே.

தாய்வீட்டுப் பத்தியம்

ஊர் மரபு இந்தக் காலத்தை வெறுமனே விட்டுவைக்கவில்லை. முப்பது நாள் வெளிவேலை இல்லை, வெந்நீர்க் குளிப்பு, இஞ்சி, மிளகு, உள்ளி சேர்த்த பத்தியக் குழம்பு, பிள்ளையைக் குளிப்பாட்ட அனுபவமுள்ள ஒரு கை. இதைத் தீட்டு என்று சொன்னாலும், நடைமுறையில் அது பெண்ணுக்குக் கிடைக்கும் ஓய்வுதான். அதில் கைவிட வேண்டியவையும் உண்டு. வயிறு வைக்கும் என்று தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பது மலச்சிக்கலையும் சிறுநீர்த் தொற்றையும் கொண்டுவரும். பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தண்ணீரும், நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலான உணவும் வேண்டும். முட்டை, மீன், கீரை ஆகியவற்றை நிறுத்துவது சோகையுள்ளவருக்குத் தண்டனை. 10 அடிக்கு 12 அடி காம்பராவில் யன்னலை அடைத்துக் கரிச்சட்டி வைப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது: கரி எரிந்து வெளிவரும் காபன் மொனொக்சைட் வாடையற்றது, தூக்கத்திலேயே தாயையும் பிள்ளையையும் கொல்லக்கூடியது.

கொழும்பிலோ, சொந்தபந்தம் இல்லாத தோட்டத்திலோ பிள்ளை பெறுபவருக்கு இந்த மரபின் தீமையும் இல்லை, நன்மையும் இல்லை. மூன்றாம் நாளே தண்ணீர் எடுக்கவும், துணி துவைக்கவும், சரிவில் ஏறி இறங்கவும் அவர்தான் வேண்டும்.

இங்கு ஓர் ஓய்வுக் காலம் சட்டத்திலும் இருந்தது என்பதைப் பலர் அறியார். 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் போதிய உணவும் இருப்பிடமும் கொடுப்பதைத் தோட்டத் துரையின் கடமையாக்கியது. வைத்திய அதிகாரி தகுதி என்று சொன்னாலன்றி அந்த மாதத்தில் அவரை வேலைக்கு அழைக்கக் கூடாது என்றும் விதித்தது. அது கருணையால் மட்டும் வந்ததன்று. தொழிலாளர் செத்துக்கொண்டிருந்தால் தோட்டம் ஓடாது என்ற கணக்கும் அதில் உண்டு. ஆயினும், பிரசவித்தவரின் சாப்பாடு யாருடைய பொறுப்பு என்று நூறு ஆண்டுகளுக்கு முந்திய அந்தச் சட்டம் நேராகச் சொல்லியிருந்தது.

மனநலம்: மூன்று நிலைகளைப் பிரித்தறிதல்

"பிள்ளை பெத்தவ அழுகிறா" என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வேறுபட்ட நிலைகள் மறைகின்றன.

1. பிரசவித்து மூன்று, நான்கு நாட்களில் வரும் அழுகையும் எரிச்சலும். தாய்மாரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இது வரும். இரண்டு வாரங்களுக்குள் தானாகவே போய்விடும்.

2. பின்பிரசவ மனச்சோர்வு. இரண்டு வாரங்களைத் தாண்டியும் நீடிப்பது, பிள்ளை தூங்கினாலும் தாய்க்குத் தூக்கம் வராதது, பிள்ளையிடம் ஒட்டுதல் வராதது, குற்ற உணர்வு. பிரசவித்த பெண்களில் 13 சதவீதத்தினர் மனநலப் பாதிப்புக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, உள்ளாகிறார்கள் என்றும், வளர்முக நாடுகளில் அது ஏறத்தாழ 20 சதவீதம் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

3. பின்பிரசவ மனப்பிறழ்வு. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் வருவது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் திடீரெனத் தொடங்கும். இல்லாத குரல் கேட்கும், சந்தேகம் முற்றும். காத்துக் கறுப்புப் பட்டது என்று கோயிலுக்கும் மந்திரிப்புக்கும் அழைத்துப்போகும் நாட்களில்தான் உயிர் போகிறது. இது அன்றே வைத்தியசாலையில் சேர்க்க வேண்டிய அவசர நிலை.

இரண்டாவது நிலையைக் கண்டறிய உலகெங்கும் பயன்படுவது 1987இல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விகள், கடந்த ஏழு நாட்களின் மனநிலையைக் கேட்பவை, தமிழிலும் உண்டு. கேள்விகள் நல்லவை, கேட்கும் இடம்தான் பொருந்துவதில்லை. ஒரே காம்பராவில் மாமியும் நாத்தனாரும் உட்கார்ந்திருக்க, "அழுகை வருகிறதா" என்று கேட்டால் வந்து ஆறு மாதமான மருமகள் "இல்லை" என்றுதான் சொல்வார். இன்னொன்று, தோட்டப் பெண்கள் துக்கத்தைத் துக்கம் என்று சொல்வது அரிது. "நெஞ்சு அடைக்குது", "தலை விறைக்குது", "சோறு எறங்கல" என்பார்கள். கேட்பவர் அதை வாயுத் தொல்லையாக எழுதிக்கொண்டால் விடயம் அங்கேயே முடிந்தது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு யாரும் அழைத்துப் பேசலாம்.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் குடியேறிய தாய்மாரிடையே மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படுவதற்கு ஆய்வாளர் காட்டும் காரணங்கள் தனிமை, மொழி, சொந்தக் கை இல்லாமை, எங்கே உதவி கேட்பது என்று தெரியாமை ஆகியவை. ஐம்பது கிலோமீற்றர் தள்ளி வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கும் மொழியைத் தவிர மற்ற மூன்றும் பொருந்தும். சிங்களத்தில் இயங்கும் பணிமனை என்றால் நான்கும் பொருந்தும்.

84உம் 150உம்

1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமே தோட்டத் தொழிலாளரின் பிரசவ விடுமுறையை ஆள்கிறது. உயிருடன் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 84 நாட்கள், அதாவது 12 வாரங்கள். பொதுவாகப் பிரசவத்துக்கு முன் 14, பின் 70. இரண்டு பிள்ளைகள் இருப்பவருக்கு அடுத்த பிரசவத்தில் 42 நாட்கள் மட்டுமே என்றிருந்த பழைய ஏற்பாட்டை 2018 ஆம் ஆண்டின் திருத்தம் நீக்கியது. "மூணாவது புள்ளைக்கு பாதி லீவு" என்ற பேச்சு அந்தப் பழைய 42இன் மிச்சம். சுகாதாரத் துறையின் 42 தற்செயலாக அதே எண்ணாக இருப்பது குழப்பத்தை வளர்த்துவிட்டது.

இந்த 84 நாள் கணக்கு, இடையில் வரும் ஞாயிறு முதலான விடுமுறை நாட்களையும் உள்ளடக்கியது. அதே தோட்டத்துப் பாடசாலையில் படிப்பிக்கும் அரச ஆசிரியைக்கோ வேலை நாட்களாக 84, முழுச் சம்பளத்தோடு. வேண்டுமானால் மேலும் 84 நாட்கள் அரைச் சம்பளத்தோடு, இன்னுமொரு 84 சம்பளமின்றி. ஒரே மலையில், ஒரே மாதத்தில் பிள்ளை பெற்ற இருவருக்கிடையே உள்ள இந்த வேறுபாட்டுக்கு மருத்துவக் காரணம் எதுவுமில்லை. சர்வதேச தொழில் தாபனத்தின் 183 ஆம் இலக்க உடன்படிக்கை 2000 ஆம் ஆண்டிலேயே குறைந்தது 14 வாரங்கள் கேட்டிருக்கிறது.

இடம் மாறியவரை வெட்டுவது 150 என்ற எண். அறிவித்தல் கொடுக்கும் நாளுக்கு முந்திய ஒரு வருடத்துக்குள், அதே தொழில்தருநரிடம் 150 நாட்கள் வேலை செய்திருந்தால்தான் மகப்பேற்றுப் பணம் உண்டு. பிறந்த தோட்டத்தில் ஐந்து வருடம் கொழுந்து பறித்தவர் கலியாணமாகி இன்னொரு கம்பனியின் தோட்டத்துக்கு வந்ததும் கணக்கு பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. வந்த வருடமே பிள்ளை என்றால் பணம் கையை விட்டுப்போகலாம். செக்ரோலில் (தோட்டத்தின் தொழிலாளர் சம்பளப் பதிவேட்டில்) பேர் இல்லாமல் கைக்காசுக்குப் பறிப்பவர், கொழும்பில் சம்பளச்சீட்டு இல்லாமல் வேலை செய்பவர் ஆகியோர் 150 நாட்களை எதைக் காட்டி நிறுவுவார்கள்?

மலைக்குத் திரும்பும் தாய்

பத்து வாரப் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில்) ஆயாம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தாய் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகிறார். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது சுகாதாரத் துறையின் அறிவுரை. அதற்காகச் சட்டம் பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை நாளொன்றுக்கு இரண்டு இடைவேளைகள் தருகிறது: பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி, இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணி. அன்று கொழுந்து பறிக்கும் மலை லயத்திலிருந்து தூரமென்றால் அரை மணி நேரம் இறங்கி ஏறுவதற்கே போய்விடும்.

இதைவிட ஆழமான முரண் சம்பளக் கணக்கில் இருக்கிறது. சட்டம் கொடுப்பது நேரம். நிறுவைத் தராசு கேட்பது கிலோ. இரண்டு தடவை பால் கொடுக்கப் போன தாய்க்குக் கிலோ குறைந்தால் அன்றைய நாள் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், ஆகிவிடுகிறது. இடைவேளையை எடுக்க வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் அது எடுக்கப்படுவதில்லை. பால் கட்டி, மார்பு சிவந்து காய்ச்சல் வருகிறது. பிறகு பால் வற்றுகிறது. மாப்பால் பேணி வருகிறது, அதன் விலை அரைப்பேரைவிடக் கூடுதலாகிறது.

யாரும் வாய்விட்டுப் பேசாத இன்னொன்று, அடிவயிற்றுத் தசைகள். கூடையின் பாரம் தலையிலிருந்து முதுகு வழியே இறங்க, செங்குத்தான சரிவில் காலை ஊன்றி நிற்கும்போது வயிற்றினுள் அழுத்தம் கூடுகிறது. பிரசவத்தில் தளர்ந்த தசைகள் இறுகுமுன் இந்தப் பாரம் விழுந்தால் இருமும்போது சிறுநீர் கசிவதும், காலப்போக்கில் கருப்பை இறங்குவதும் நேரும். மலையில் கழிப்பறை இல்லாததால் பல பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. இவற்றுக்குப் பயிற்சியும் சிகிச்சையும் உண்டு. ஆனால் 42 ஆம் நாள் வருகையில் யாராவது கேட்டால்தான் அவர் சொல்வார்.

இரண்டு வயது விதியும் தாயின் உடம்பும்

2013 முதல், வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போகும் பெண் குடும்பப் பின்னணி அறிக்கை பெற வேண்டியிருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கு அனுமதி கிடைக்கவில்லை. 2022இல், பொருளாதார நெருக்கடியின் நடுவே, அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. விதியின் நோக்கம் பிள்ளையின் பாதுகாப்பு. தந்தை போவதற்கு இப்படியொரு அறிக்கை கேட்கப்படவில்லை என்பதைப் பெண்கள் அமைப்புகள் தொடர்ந்து சுட்டிக்காட்டியிருக்கின்றன.

விளைவு இரண்டு வகை. கடன் நெருக்க, பொறுத்திருக்க முடியாதவர் சுற்றுலா விசாவில் போகிறார். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவில்லாததால் காப்புறுதியும் முறைப்பாட்டு வழியும் இல்லாமல் போகின்றன. பால் கொடுத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்துவதால் மார்பில் வலியும் தொற்றும் வருவது விமானம் ஏறிய வாரத்திலேயே நடக்கும். அங்கு அதைச் சொல்ல ஆளில்லை. சட்டப்படி போகிறவரும் தப்பிவிடுவதில்லை. பயணத்துக்கு முந்திய வைத்தியப் பரிசோதனையில் கர்ப்பம் உண்டா, தொற்றுநோய் உண்டா என்று பார்க்கிறார்கள். அது வேலைகொடுப்பவருக்கு வேண்டிய தகவல். முன்னைய பிரசவம் விட்டுச்சென்ற சோகை, கருப்பை இறக்கம், மனச்சோர்வு ஆகியவை யாருடைய கேள்வியும் அல்ல. முகவர்கள் சிலர் பெண்களுக்கு மூன்று மாதக் கருத்தடை ஊசி போட்டு அனுப்புவதாக 2018இல் செய்திகள் வெளிவந்தன. ஊசி பொதுவாகப் பாதுகாப்பானதே, ஆனால் அது மாதவிடாயைக் குழப்பும் என்று முன்கூட்டியே சொல்லப்படாத பெண், அன்னிய வீட்டில் ஒழுங்கற்ற இரத்தப்போக்கைக் கண்டு என்ன நினைப்பார்?

வெளிநாட்டிலேயே பிள்ளை பெற்றுத் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கு பிறந்த பிள்ளையின் பிறப்பை ஒரு வருடத்துக்குள் இலங்கைத் தூதரகத்தில் பதிவுசெய்ய வேண்டும்; பிந்தினால் நடைமுறை நீளும். காகிதம் இல்லாததால் நாட்டையே இழந்த வரலாறுள்ள ஒரு சமூகத்தில், அத்தகைய பிள்ளையோடு வந்தவர் அவமானத்துக்கும் கேள்விகளுக்கும் பயந்து கிளினிக் பக்கமே போகாமல் ஒதுங்குகிறார். தடுப்பூசியும் தாயின் பரிசோதனையும் அதனால் தள்ளிப்போகின்றன. பிறப்புப் பதிவு வேறு, பராமரிப்பு வேறு. மருத்துவமாதின் பதிவேட்டில் பெயர் ஏறுவதற்குக் கடவுச்சீட்டும் வேண்டாம், கலியாணச் சான்றிதழும் வேண்டாம். தாயும் பிள்ளையும் எந்த டிவிஷனில், எந்த லயத்தில் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தால் போதும்.